தபால்காரர் வீட்டுத் தபால் ஓட்டு

இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த எனக்குத் தபால் ஓட்டுக் கேட்டு பார்ம் நிரப்பியது என் வீட்டுக்காரர்தான். கண்ணாடி கைக்கு எட்டாததால், அவர் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

போன வாரம் தேர்தல் ஆபீசிலிருந்து கடிதம் வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தேன். எனக்குப் பதிலாக என் ஓட்டை என் கணவரே நேரில் போய்ப் போடுவாராம்!

"ஏங்க, தபால் ஓட்டுதானே கேட்டேன்?"

"தபாலை நம்ப முடியாதுடி. வழியிலேயே தொலைஞ்சு போயிடும்."

சொல்வது யார்? முப்பத்தோரு வருஷம் தபால் பட்டுவாடா செய்து ரிட்டயர் ஆனவர்! கல்யாணம் ஆன நாளிலிருந்து அவருக்கு ஒரு கட்சி, எனக்கு ஒரு கட்சி. இந்தத் தடவை அவர் கட்சிக்கே இரண்டு ஓட்டும் விழப் பார்க்கிறது.

அவர் குளிக்கப் போன நேரம் ஆபீசுக்குப் போன் போட்டேன்.

"நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள எழுதிக் கொடுத்தா மாத்திடலாம்மா" என்றாள் போனை எடுத்த பெண்.

மாடி வீட்டுத் தையல்காரி ரவிக்கைத் துணிக்குள் என் கடிதத்தை ஒளித்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

ஓட்டுச்சீட்டு வந்ததும் அவர் முகத்தில் ஈயாடவில்லை. அவரை வெளியே அனுப்பி, கதவைச் சாத்தச் சொல்லி, குறி போட்டு, உள் கவர், வெளிக் கவர் இரண்டையும் ஒட்டினேன். ஆனால் அனுப்ப அன்றே கடைசி நாள். தையல்காரியோ மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். வேறு வழி? அவரிடமேதான் கொடுத்தேன்.

"கட்டில் பக்கத்து ஜன்னல்லேருந்து பாத்துட்டே இருப்பேன். நேரா எதிர்த் தபால் பெட்டிக்குப் போங்க."

"ஏன், கையில விலங்கும் மாட்டி விடேன்!"

பெட்டி வரைக்கும் ஒழுங்காகத்தான் போனார். அங்கே நின்று கவரைத் திருப்பினார். ஓரத்தைத் தடவினார். பிறகு சூரியனுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"யோவ்!" என்று கத்தினேன். தெருவே திரும்பியது. முப்பத்தாறு வருஷத்தில் அவரை அப்படிக் கூப்பிட்டது அன்றுதான்.

கவரைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு, இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டேன். "வெளிச்சத்துல எதுக்குப் பிடிச்சீங்க?"

"தொழில் பழக்கம்."

"என்ன தெரிஞ்சுது?"

செருப்பைக் கழற்றியவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"ஒண்ணுமே தெரியலடி" என்றார்.

அந்தக் குரலில் இருந்த வருத்தத்தைக் கேட்ட பிறகுதான் தலையணையில் சாய்ந்தேன்.