கேட்டால்தான் அவுட்

வெள்ளவத்தையில் சுபோதினி டீச்சரைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் என்ன விளையாட்டைப் பழக்குகிறார் என்று சரியாகத் தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு. "கிரிக்கெட்தானே டீச்சர்?" என்று மரக்கறிக் கடைக்காரர் இருபத்தேழு வருடமாகக் கேட்கிறார். "இல்லை, சொஃப்ட்போல்" என்று டீச்சரும் இருபத்தேழு வருடமாகச் சொல்கிறார். "அதான் டீச்சர், சொஃப்ட்போல் கிரிக்கெட்" என்று சொல்லிக்கொண்டே அவர் கத்தரிக்காயை நிறுப்பார்.

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கொழும்பில் அந்தப் பெயருக்கு டெனிஸ் பந்தில் ஆடும் கிரிக்கெட் என்றுதான் அர்த்தம். டீச்சரே அப்படி நினைத்துத்தான் தொடங்கினார். தொண்ணூற்றேழில் டீச்சர் படிப்பித்த மகளிர் கல்லூரிக்கு ஒரு சுற்றறிக்கை வந்தது. மென்பந்து, அதாவது சொஃப்ட்போல், அணி ஒன்றை அனுப்பவும் என்று ஒற்றை வரி. அப்போதிருந்த அதிபர் கணிதம் படிப்பித்துக்கொண்டிருந்த சுபோதினியைக் கூப்பிட்டு, "நீர்தான் இளம் ஆள், ஓடித் திரிவீர்" என்று பொறுப்பைத் தலையில் கட்டிவிட்டார். மூன்று மாதம் பதினொரு பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பழக்கி, விக்கெட்டுகளையும் பெருமையாகக் காவிக்கொண்டு போய் இறங்கினால், அங்கே விக்கெட் நடுவதற்கே இடமில்லை. மைதானத்தின் நாலு மூலையிலும் வெள்ளை வெள்ளையாக ஏதோ கிடந்தன. ஆட வந்தவர்களின் கையில் உருட்டுத் தடி. பந்து தேசிக்காய்க்கும் தேங்காய்க்கும் நடுவில் ஒரு பருமன். பெயரில்தான் மென்மை, முழங்காலில் பட்டால் ஒரு கிழமை நொண்ட வேண்டும். மற்றப் பாடசாலைப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இருபத்தொன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றுத் திரும்பினார்கள்.

வேறொருவர் என்றால் அன்றோடு சுகயீன லீவு போட்டிருப்பார். சுபோதினி டீச்சர் அம்பயரிடம் சட்டப் புத்தகத்தை இரவல் வாங்கி, ஒரு சீ.ஆர். கொப்பியில் முழுவதையும் தமிழில் எழுதி முடித்தார். மூலைக்கு மூலை கிடந்த அந்த வெள்ளைத் திண்டுகளை, அதாவது பேஸ்களை, அரிசிச் சாக்கில் தும்பு அடைத்துத் தைத்தார். சோதனைச் சாவடியில் பிள்ளைகள் போன வானை மறித்து இந்தத் தடிகள் எதற்கு என்று கேட்ட பொலிஸ்காரருக்கு, காலி வீதியில் நின்று சிங்களத்தில் விளக்கம் சொல்லி, வீசியும் காட்டினார். நாலாவது வருடம் மாகாணக் கிண்ணம் வந்தது. பிறகு இன்னும் பத்து. ஆறு பிள்ளைகள் தேசிய அணிக்குப் போனார்கள். இத்தனைக்கும் டீச்சர் தன் வாழ்நாளில் ஒரு போட்டியில்கூடத் தடி பிடித்ததில்லை. இப்படி ஒரு மனுஷியை வியக்காமல் வேறு என்ன செய்வது?

அகில இலங்கைக் கிண்ணம் மட்டும் கிட்டவில்லை. ஒரேயொரு தடவை இறுதிப் போட்டிவரை போனார்கள். ஒன்பது வருடத்துக்கு முந்திய அந்தப் போட்டியைப் பற்றி டீச்சர் கதைப்பதில்லை.

அதைச் சொல்வதென்றால் விளையாட்டில் ஒரு சட்டத்தையும் சொல்ல வேண்டும். பந்தை அடித்தவள் பேஸ்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு ஓட வேண்டும். ஒன்றைத் தொடாமல் ஓடிவிட்டால், அம்பயர் தன் இரண்டு கண்ணாலும் கண்டிருந்தாலும் வாய் திறக்கமாட்டார். எதிரணியில் யாராவது கவனித்துக் கேட்டால்தான் அவுட். அதுவும் அடுத்த பந்து போடுவதற்கு முன் கேட்க வேண்டும். அன்று எதிரணிப் பிள்ளை ஒருத்தி முதலாம் பேஸைத் தொடாமல் தாண்டிப்போனதை, பக்கத்திலேயே காவல் நின்ற டீச்சரின் அணிப் பிள்ளை, கொட்டாஞ்சேனை அர்பா கண்டாள். பேசாமல் இருந்துவிட்டாள். அந்த ஓட்டத்தில்தான் கிண்ணம் போனது. திரும்பி வரும் வானுக்குள் அவளாகவே மெல்லச் சொன்னாள்: "நா கண்டேன் டீச்சர். சொல்ல வெக்கமா இருந்துச்சு."

"கண் இருந்து என்ன, வாய் இல்லாட்டி? உன்னாலதான் எல்லாம் போச்சு" என்றார் டீச்சர், பதின்மூன்று பிள்ளைகளுக்கு முன்னால்.

அடுத்த கிழமை அர்பா கையுறையைக் கொண்டுவந்து அலுவலகத்தில் கொடுத்துவிட்டுப் போனாள். பிறகு வரவே இல்லை. கொட்டாஞ்சேனை என்ன, ஒரு பஸ் தூரம். டீச்சர் போய்ப் பார்த்திருக்கலாம், போகவில்லை. அந்த ஒரு வசனத்தைத் திருப்பி வாங்க முடியுமென்றால், பதினொரு கிண்ணத்தில் பாதியைத் தூக்கிக் கொடுத்துவிடுவார்.

இந்த ஆவணியில் டீச்சருக்கு அறுபது. ஓய்வு. இப்போதைய அதிபர் சரோஜினிதேவி நல்ல மனுஷிதான், ஆனால் நேரே விஷயத்துக்கு வருகிறவர். "உங்களுக்குப் பிறகு ஆர் பழக்கிறது எண்டு ஒரு பேர் தாங்கோ டீச்சர். சனிக்கிழமை உங்கட பிரியாவிடை மட்ச் முடிய எனக்குத் தெரியவேணும். இல்லாட்டி திங்கட்கிழமை கிரவுண்டை நெட்போலுக்குக் குடுக்கிறன்."

டீச்சர் பழைய மாணவிகளின் பெயர்களை எழுதி, ஒவ்வொன்றாக வெட்டினார். எல்லாம் தங்கமான பிள்ளைகள். அதுதான் வில்லங்கம். எதைக் கேட்டாலும், "நீங்க சொன்னாச் சரி டீச்சர்." பிழையைக் கண்டு முகத்துக்கு நேரே சொல்லாத ஆள் எப்படி அணி பழக்குவது? சனிக்கிழமை காலையில் பட்டியலில் ஒரு பெயரும் மிஞ்சவில்லை. இருபத்தேழு வருடமும் திங்கட்கிழமையோடு முடிந்துவிடும் என்று நினைத்தபோது டீச்சருக்கு அழுகையே வந்துவிட்டது. மூக்கைச் சீறிக்கொண்டு, அளவு நாடாவைத் தேடப் பஞ்சிப்பட்டு, கண் மதிப்பிலேயே பேஸ்களை வைத்தார்.

பழைய மாணவிகளுக்கும் இப்போதைய அணிக்கும் போட்டி. சுற்றியிருந்த மாடிவீட்டுப் பல்கனிகளிலும் சனம் நின்றது. பழைய மாணவிகளின் பக்கத்தில், முதலாம் பேஸில், தலையை மூடி முக்காடு போட்ட ஒருத்தி நின்றாள். அர்பாவேதான். டீச்சர் கிட்டப் போனார்.

"சுகமா பிள்ளை?"

"சொகம் டீச்சர். நுகேகொடைல கண்ணாடிக் கடையில கண் செக் பண்ற வேலை. கிழமைக்கு மூணு நாள்."

டீச்சர் தலையாட்டிவிட்டுக் கோட்டுக்கு வெளியே வந்தார்.

கடைசி ஆட்டத்தில் இப்போதைய அணிப் பிள்ளைகள் டீச்சரின் கையில் தடியைத் திணித்தார்கள். பழைய மாணவிகளுக்காகப் பந்து வீசியவள் சாமினி, தேசிய அணிக்குப் போனவள். அவள் குழந்தைக்குப் போடுவதுபோல ஒன்று போட்டாள். டீச்சர் அடித்தார். பந்து உருண்டது. எடுக்கப் போனவள் வேண்டுமென்றே தவறவிட்டாள். அடுத்தவளும் தவறவிட்டாள். டீச்சர் மூச்சிரைக்க முதலாம் பேஸைத் தாண்டி, இரண்டாம் பேஸில் போய் நின்றார். மைதானமே எழுந்து கைதட்டியது.

டீச்சருக்கு மட்டும் முகம் சுருங்கியது. முதலாம் பேஸில் தன் கால் படவில்லை என்பது அவருக்குத் தெரியும். அம்பயர் நபீஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்; அவரும் கண்டுவிட்டார் என்று அர்த்தம். சாமினியின் கைக்குப் பந்து வந்தது. அவள் அடுத்த பந்தைப் போட்டுவிட்டால் கதை முடிந்தது. ஒன்பது பேர் நிற்கிறீர்கள், ஒருத்திக்குமா வாய் இல்லை என்று டீச்சர் மனதுக்குள் மன்றாடினார்.

"சாமினி, போல் இங்க தா."

கேட்டது அர்பா. பந்தை வாங்கி, முதலாம் பேஸை மிதித்துக்கொண்டு, அம்பயரைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். "டீச்சர் இந்த பேஸைத் தொடல்ல."

கைதட்டல் பட்டென்று நின்றது. "அடியே, இண்டைக்குமா?" என்று சாமினி பல்லைக் கடித்தாள். அர்பா கையை இறக்கவில்லை.

"அவுட்" என்றார் நபீஸ்.

டீச்சர் இரண்டாம் பேஸிலிருந்து நேரே அவளிடம் நடந்தார். "எவ்வளவால?"

"ஒரு விரலளவு டீச்சர். நா கண்டேன்."

"நானும் கண்டனான்." எல்லோருக்கும் கேட்கவேண்டும் என்று டீச்சர் உரத்தே சொன்னார். "அண்டைக்கு வானுக்குள்ள நான் உன்னைப் பேசினது பிழை பிள்ளை. பெரிய பிழை. கொட்டாஞ்சேனைக்கு வந்து சொல்லியிருக்கவேணும்."

அர்பா முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தாள். டீச்சர் அதிபர் பக்கம் திரும்பினார். "பேர் கேட்டீங்கள். எழுதுங்கோ, அர்பா."

"உங்களையே அவுட்டாக்கின பிள்ளையையோ?"

"ஓம். இருபத்தேழு வருசத்தில என்னை அவுட்டாக்கின ஆள் இவ ஒருத்திதான்."

அதிபருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிள்ளை, உமக்குச் சம்மதமோ?"

அர்பா குனிந்து காலடியிலிருந்த பேஸைப் பார்த்தாள், பிறகு அடுத்த பேஸைப் பார்த்தாள். "டீச்சர், இது அரை அடி தள்ளிக் கிடக்கு. திங்கக்கிழமைக்கு முந்தி இத சரி பண்ணணும்."

"அப்ப நான் தொடாமல் விட்டது கணக்கில்லையோ?" என்று டீச்சர் ஆவலோடு கேட்டார்.

"அது வேற டீச்சர். கிடந்த இடத்துல நீங்க தொடல்ல."

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். பிறகு அளவு நாடாவை எடுத்துவரப் போனார்.