அம்மன் நிஜமாக வந்த நாள்

மலைமேல் பெரக்கரை நாட்டில் காளியண்ணனின் மேளம் என்றால் சனம் கைவேலையைப் போட்டுவிட்டு ஓடி வரும். ரசித்துக் கேட்கவா? அட போங்கள், சிரிக்கத்தான்! காளியண்ணன் உறுமியைத் தேய்த்தால் கரடி உறுமும், மாமியார் முணுமுணுப்பாள், பாரஸ்டு துரை குறட்டை விடுவார். தம்பி ராசு நாயனத்தில் வெள்ளாட்டைக் கத்த வைப்பான். பம்பைக்காரர் குனிந்து முழங்கையால் அடிப்பார். கல்யாணம், காதுகுத்து எல்லாம் இவர்களுக்குத்தான். சாமி காரியத்துக்கு மட்டும் அடிவாரத்திலிருந்து வேறொரு மேளம் ஏறி வரும். அவர்கள் வாசிப்பில் தாளம் சேராது, முகம் மட்டும் இழவு வீட்டு முகம். ஊருக்கு அது போதும். முகத்தைப் பார்த்தே கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள்.

ஜப்பான்காரன் குண்டு போட வருகிறான் என்று ஊரெல்லாம் பேச்சாய்க் கிடந்த வருடம், மழையில் மலைப்பாதை சரிந்து அந்த மேளம் வர முடியவில்லை. பூசாரி மேல் அம்மன் வந்து வாக்குச் சொல்லாமல் யாரும் சாமை விதைக்க மாட்டார்கள். ஊர்க்கவுண்டர் குழந்தைசாமி வேண்டாவெறுப்பாகக் காளியண்ணனுக்கு ஆளனுப்பினார்.

காளியண்ணனுக்குப் பத்து வருட ஆசை அது. அம்மன் முன்னால் ஒரே ஒரு தரம் ஒழுங்காக வாசித்துக் காட்டிவிட்டால், இனிச் சாமி காரியத்துக்கும் தன்னையே அழைப்பார்கள். "டேய் ராசு, இன்னைக்கு மட்டும் ஆடு கத்துச்சு, உம் பல்லு உங் கையில இருக்கும்" என்று சொல்லியே கூட்டிப்போனான்.

கோயில் வாசலில் சனம் முன்கூட்டியே சிரிக்கத் தயாராக உட்கார்ந்திருந்தது. மயிலம்மாள் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டிருந்தாள். உறுமி மெல்ல எழும்பியது. கரடி இல்லை, ஆடு இல்லை, முழங்கை இல்லை.

"மூஞ்சியை எப்படி வெச்சிருக்கான் பாரு!" என்று எவனோ சொல்ல, குபீரென்று கிளம்பியது சிரிப்பு. இவர்கள் முகத்தை இறுக்க இறுக்க, சனம் புரண்டு புரண்டு சிரித்தது. அடடா, என்ன ரசனை! காதைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்த புண்ணியவான்கள்.

காளியண்ணன் கண்ணை மூடிக்கொண்டு வாசித்தான். பூசாரி மாதன் வழக்கமாக மூன்று சுற்றுச் சுற்றி, நாக்கைத் துருத்தி, சலங்கையைக் குலுக்குவார். அன்று அதெல்லாம் இல்லை. நின்ற இடத்திலேயே உடம்பு தூக்கிப் போட்டது. கண்ணீர் கொட்டியது. "புள்ளைங்களா... புள்ளைங்களா..." என்று குழறினார். அதற்கு மேல் குரல் வராமல் மண்ணில் விழுந்தார்.

"பூசாரியையும் கூட்டுச் சேத்துக்கிட்டானுகளே!" ஊரே வயிற்றைப் பிடித்துக்கொண்டது.

கவுண்டர் கண்ணைத் துடைத்தபடி காளியண்ணன் தோளில் ஒரு துண்டைப் போட்டார். "உன்னாட்டம் தமாசு பண்ண எவன் இருக்கான், கண்ணு! ஆனாலும் சாமி காரியத்துல வெளையாடலாமா? வாக்கே வரலியே. பாதை சரியாகட்டும், அடிவாரத்து மேளத்தை வெச்சு முறையாக் கூப்புடலாம்."

காளியண்ணனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. சுனையோரம் போய் உறுமிக்கு உறை போட்டுக்கொண்டிருந்தபோது மாதன் தள்ளாடி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"காளியண்ணா, இருவது வருசமா நான் சும்மாத்தான் ஆடுனேன். ஒருத்தனும் சிரிக்கல. இன்னைக்குத்தான் ஆத்தா நெசமா வந்தா. உன்ற உறுமிக்குத்தான் வந்தா."

காளியண்ணன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "இதைக் கவுண்டர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க பூசாரி. எனக்கு அது போதுமுங்க."

மாதன் குனிந்து சலங்கையை அவிழ்த்தார். "சொன்னா, அந்த இருவது வருசத்தையும் சேத்தில்ல நான் சொல்லோணும்?"

அடுத்த வாரம் அடிவாரத்து மேளம் வந்தது. மாதன் மூன்று சுற்றுச் சுற்றினார், நாக்கைத் துருத்தினார், வாக்கும் கணீரென்று சொன்னார். சனம் பயபக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டது. கூட்டத்தின் கடைசியில் நின்ற காளியண்ணனுக்கு மட்டும் சிரிப்பு வந்துவிட்டது.

மயிலம்மாள் திரும்பி முறைத்தாள். "சாமி முன்னால சிரிக்கிறியே, உனக்கு வெக்கமா இல்ல?"