நேசபாயின் லீவு

ஜூன் மாத லிஸ்ட் என் மடியில் இருக்கிறது. மசி காய்ந்துவிட்டது. அக்கா தூங்கிவிட்டாள். யாரிடமாவது சொல்லாவிட்டால் விடியும்வரை என்னால் தாங்க முடியாது.

மார்த்தாண்டத்துக்கு மேற்கே ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரி. என் அக்கா தங்கபாய் அங்கே தலைமை நர்ஸ். எந்த நர்சுக்கு எந்த வார்டு, பகலா இரவா என்று மாதாமாதம் டியூட்டி லிஸ்ட் போடுவது அவள்தான். பென்சிலில் எழுதித் தருவாள். நான் மசி தொட்டுப் பெரிய தாளில் படியெடுத்து ஆபீஸ் கதவில் ஒட்டுவேன்.

ஒன்பது வருட வேலைக்குப் பிறகு அக்காவுக்கு மதராசில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்தது. ஓர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை நர்ஸ் தேவை என்று கணக்கிடுவதும் அதில் ஒரு பாடம். ஆனால் பெரிய டாக்டர் ஒரு நிபந்தனை வைத்தார். மே மாதம் முழுக்க அக்காவின் பெயர் இல்லாமலே லிஸ்ட் ஓட வேண்டும். ஒரு நாளும் வார்டு ஆளில்லாமல் கிடக்கக் கூடாது. ஓடிவிட்டால் ஜூனில் போகலாம்.

ஏற்கெனவே ஓர் ஆள் குறைவு. மார்ச்சில் நேசபாய் டைபாய்டில் இறந்துபோனாள். அவள் பெயரை அடிக்க யாருக்கும் மனம் வரவில்லை. நினைவு ஜெபம் முடியட்டும் என்று லிஸ்டின் கடைசி வரிசையில், டியூட்டி எதுவும் போடாமல், வெறும் பெயராக விட்டிருந்தார்கள்.

மே லிஸ்டை எழுதும்போது என் அளவுகோல் ஒரு வரிசை கீழே நழுவியது. நர்ஸ் ஓமனாவுக்கு விழ வேண்டிய ஒரு சனிக்கிழமை இரவு, அடுத்த வரிசையில் இருந்த நேசபாய்க்கு விழுந்தது. நான் கவனிக்கவில்லை. ஞாயிறு காலை ஓமனா பஸ்சிலிருந்து இறங்குவதைப் பார்த்தபோதுதான் திக்கென்றது.

"ராத்திரி டியூட்டி இல்லியா ஒனக்கு?"

"லிஸ்ட் எழுதினது நீ, என்னட்ட கேக்கியா? தோவாளையில ஒரு கல்யாணம். சாப்பாடு கொள்ளாம், வயிறு நெறயத் தின்னேன்."

பெண்கள் வார்டுக்கு ஓடினேன். பன்னிரண்டு கட்டில். எல்லோரும் உயிரோடு இருந்தார்கள். சார்ட்டுகளில் பத்து மணி, இரண்டு மணி, ஆறு மணி என்று காய்ச்சல் அளந்து எழுதியிருந்தது. நாலு என்ற எண் தலை திறந்து, கவிழ்த்து வைத்த நாற்காலி மாதிரி இருந்தது. நேசபாய் மட்டும்தான் அப்படி எழுதுவாள்.

ஏழாம் கட்டில் பகவதியம்மாள் என்னைக் கூப்பிட்டாள்.

"ராத்திரி வந்தவ ஆரு மக்கா? நல்ல பிள்ள. செருப்ப வாசல்லயே கழத்திப் போட்டுட்டு வெறுங்காலோடதான் நடந்தா. மத்தவளுவ டக்கு டக்குன்னு நடந்து ஒறக்கத்தக் கெடுப்பாளுவ."

"ஏதாவது பேசினாளா?"

"நான் இருக்கியேன், ஒறங்குங்கன்னா. பின்ன நான் ஒறங்கிட்டேன்."

மூன்று வாரம் வாயைத் திறக்கவில்லை. இன்றோடு மே முடிந்தது. "ஒரு நாளும் ஆளில்லாம கெடக்கல்ல, போயிட்டு வா தங்கபாய்" என்றாராம் டாக்டர். அக்கா பரணிலிருந்து டிரங்குப் பெட்டியை இறக்கித் துடைத்தாள். சேலைகளை மடித்து வைக்கும்போது பாட்டு வேறு. அதைப் பார்க்க முடியாமல்தான் எல்லாவற்றையும் சொன்னேன்.

சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"பன்னெண்டு கட்டிலுக்கும் எழுதியிருந்துதா?"

"ம்."

"ஆறு மணிக்கும்?"

"ஆறு மணிக்கும்."

பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். "நான் போட்ட கணக்கு தப்பு ஏட்டி. ஒருத்தி தவறினா பதிலுக்கு நிக்க ஆளு காணாது. அவளையும் சேத்தாத்தான் காணும்."

"டாக்டருக்குத் தெரியாதுல்லா அக்கா. நீ போ."

"செத்தவளுக்கு டியூட்டி போட்டுட்டு நான் படிக்கப் போவணுமா?"

ஜூன் மாதப் பென்சில் லிஸ்டை இழுத்து, இரவு வேலைகளில் பாதியை அழித்துத் தன் பெயருக்கு எழுதினாள். வரவில்லை என்று மதராசுக்கு எழுத ஒரு கார்டை எடுத்து வைத்தாள். பிறகு சிவப்பு மசியை என் பக்கம் தள்ளினாள்.

"அவளுக்கு லீவு குடு. காலையில மொத வேலையா ஒட்டிரு."

பெரிய தாளில் படியெடுத்து முடித்து, நேசபாயின் வரிசையில் சிவப்புக் கோடு இழுத்தேன். மேலே லீவு என்று எழுதினேன். அக்கா விளக்கைத் தணித்துவிட்டுப் படுத்தாள்.

எங்கள் குவார்ட்டர்ஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் முற்றத்துக்கு அப்பால் பெண்கள் வார்டு. இன்றிரவு டியூட்டி ஓமனாவுக்கு. அவள் செருப்புச் சத்தம் டக்கு டக்கென்று இங்குவரை கேட்கிறது. இப்போதும் உள்ளேதான் நடந்துகொண்டிருக்கிறாள்.

வாசல் லாந்தருக்குக் கீழே ஒரு ஜோடி செருப்பு கழற்றிக் கிடக்கிறது.

லிஸ்டில் பெயர் போட்டதும் வந்தவள். போதும் போ என்று அவளுக்கு இதுவரை யாரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தாள் என் மடியில் இருக்கிறது. ஒட்ட வேண்டிய ஆபீஸ் கதவு, அந்தச் செருப்பைத் தாண்டி இருக்கிறது.

விடிய இன்னும் நேரமிருக்கிறது. பசைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டேன். செருப்பு போடாமல்தான் போக வேண்டும், அக்கா விழித்துக்கொள்வாள்.