தயாரித்தவர் என்ற கட்டம்

அக்காவின் கொழுந்தன் ஆபீஸ் சுவரில் ஏழு சர்டிபிகேட் தொங்கின. அக்கா பக்கத்தில் உட்கார்ந்து வரி நோட்டீஸை மடிப்பதும் பிரிப்பதுமாக இருக்க, நான் ஒவ்வொன்றாகப் படித்தேன். ஒன்று மூன்று நாள் பயிற்சிக்கு. ஒன்று சாப்ட்வேர் கம்பெனி கொடுத்த 'சிறந்த வாடிக்கையாளர்' பட்டம். இன்னொன்று, சந்தா கட்டினால் யாருக்கும் தபாலில் வருவது. ரத்ததானத்துக்குத் தந்ததைக்கூட விடாமல் மாட்டியிருந்தான். பரீட்சை எழுதி வாங்கியது என்று ஒன்றுமில்லை. நான் ஆறு வருஷம் முட்டி மோதி ஆடிட்டர் ஆனவன். அந்தச் சுவரைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது.

அக்காவின் தையல் கடையில் இருப்பது இரண்டு மெஷின். கூலிக்கு வரிப் படிவம் நிரப்பித் தரும் இந்த மேதாவி, வரியைக் குறைக்க அவள் படிவத்தில் எட்டு வாங்கியதாக எழுதியிருந்தான். வேண்டுமென்றே சொன்ன பொய் என்று முடிவானால் அவள் மேல்தான் கேஸ். கடையை இழுத்து மூட வேண்டியதுதான்.

"எல்லாருக்கும் அப்படித்தான் போடுவேன். யாருக்கும் நோட்டீஸ் வந்ததில்ல," என்றான்.

"சரி, நாளைக்கு விசாரணைக்கு வந்து இதையே சொல்லு."

"எனக்கு அங்க பேச அனுமதி இல்லியே. ஆடிட்டர், வக்கீல்னாதான் விடுவாங்க."

படிவத்தைப் புரட்டினேன். 'தயாரித்தவர்' கட்டம் காலி. 'தானே தயாரித்தது' என்பதில் டிக். கூலியை வாங்கிக்கொண்டு பேரை மட்டும் நைசாகக் கழற்றிவிட்டிருக்கிறான். சுவர் நிறையப் பேரை மாட்டி வைத்தவனுக்கு ஒரு கையெழுத்துப் போடத் துப்பில்லை. த்தூ!

மறுநாள் அக்காவோடு நானே போனேன், இஸ்திரி போட்ட சட்டையும் மிடுக்குமாக. அதிகாரி என் கார்டை வாங்கிப் படித்து, மரியாதையாக நாற்காலியைக் காட்டினார். அப்புறம் அக்காவிடம் திரும்பினார்.

"கூடப்பிறந்தவரே ஆடிட்டர். ஏம்மா வேற ஆள்கிட்ட போனீங்க?"

"முதல்ல இவன்கிட்டதான் சார் கேட்டேன். கொசுறுக் கணக்கெல்லாம் பாக்கறதில்லக்கான்னான். கொழுந்தன்தான் 'வாங்க அண்ணி'ன்னு உக்கார வச்சான்."

அவள் குறையாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொன்னாள். நான் அப்படிச் சொன்னது வாஸ்தவம். சொல்லிவிட்டுச் சிரித்தும் இருந்தேன். காது மடலெல்லாம் சுட்டது.

"மெஷின் உண்மையில எத்தனைம்மா?" அதிகாரி அவளைத்தான் கேட்டார்.

"ரெண்டு சார். ஒண்ணு ரிப்பேர்."

"கடைக்கு எப்ப வந்து பாக்கலாம்?"

"எப்ப வேணா வாங்க."

அவர் எழுதுவதற்குத் தாள் தேடினார். கைக்கு என் கார்டு அகப்பட்டது. அதைக் குப்புறப் போட்டு, வெறும் பக்கத்தில் 'மெஷின் 2' என்று எழுதி, கடை விலாசத்தை அக்கா சொல்லச் சொல்லக் கீழே குறித்துக்கொண்டார்.