வால்வு முதலா, தொட்டி முதலா

ஆலை வால்வுகளைக் கம்ப்யூட்டரிலிருந்து இயக்கும் எங்கள் டிரைவர் மென்பொருளை எழுதியவன் என் கணவன் மதிவாணன். அதில் வால்வைத் திறக்க ஒரு கட்டளை, மூட ஒரு கட்டளை. திறப்பதற்கு முதலில் தொட்டி எண், பிறகு வால்வு எண் கொடுக்க வேண்டும். மூடுவதற்குத் தலைகீழ், வால்வுதான் முதலில். "ரெண்டையும் ஒரே வரிசையா வெச்சா கொறைஞ்சா போயிடுவே?" என்று கல்யாணத்துக்கு முன்பிருந்தே சண்டை போடுகிறேன். இரண்டும் வெறும் எண்கள். இடம் மாறினாலும் கம்ப்யூட்டர் வாய் திறக்காது.

அன்று பண்டார் தெங்காரா பக்கம் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. பழக்குலைகளை வேகவைக்கும் தொட்டிகள் இரண்டு. ஒவ்வொன்றிலும் முதல் வால்வு நீராவிக்கு, இரண்டாவது தண்ணீர் வடிவதற்கு. சென்சார் மாற்ற மதி இரண்டாம் தொட்டிக்குள் இறங்கினான். நீராவிக் குழாயின் கைத்திருகை மூடிப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே இறங்க வேண்டும் என்பது ஆலை விதி. "அஞ்சு நிமிஷ வேலை லா" என்று பூட்டாமலே போனான். அவன் சோம்பலுக்குக் கோயில்தான் கட்ட வேண்டும்.

கன்ட்ரோல் அறையில் நான் இருந்தேன். வாக்கி டாக்கியில், "யோகா, ஒண்ணாம் தொட்டித் தண்ணிய வடிச்சு விடு" என்றான். திறக்கும் கட்டளைக்கு ஒன்று, இரண்டு என்று கொடுத்தேன்.

அலறினான்.

திறந்ததை மூட வேண்டும், அவ்வளவுதானே? மூடும் கட்டளைக்கு இரண்டு, ஒன்று என்று கொடுத்தேன். 'வெற்றி' என்றது திரை. அலறல் நிற்கவில்லை. மறுபடி அடித்தேன். மறுபடியும் வெற்றி. நாசமாய்ப் போன வெற்றி!

அப்புறம்தான் உறைத்தது. திறக்கும் கட்டளையிலும் வால்வை முன்னால் வைத்துவிட்டானா, பாவி? அப்படியானால் நான் திறந்தது இரண்டாம் தொட்டியின் முதல் வால்வு. அவன் மேல் நீராவியைத் திறந்துவிட்டதே நான்தான்; இவ்வளவு நேரம் மூடியதோ, ஏற்கெனவே மூடியிருந்த ஒன்றாம் தொட்டி வால்வை. ஒன்று, இரண்டு என்று மூடினேன்.

நீராவி நின்றது. அலறலும் நின்றது. அதுதான் இன்னும் பயமாக இருந்தது. "மதி! மதி!" என்று கத்திக்கொண்டு தொட்டிக்கு ஓடினேன். ஆலை ஆட்கள் அவனை வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

ஆம்புலன்சில் அவன் கையைப் பிடிக்க முடியவில்லை. பிடிக்க இடமில்லை. தலைமாட்டில் குனிந்து அழுதேன்.

"காலையிலதான் மாத்தினேன்," என்றான், உதடு அசையாமல். "நீ கேட்ட மாதிரியே. மத்தியானம் சாப்பிடறப்ப சொல்லி, உன் மூஞ்சியப் பாக்கலாம்னு இருந்தேன்."

"ரொம்ப நல்லா மாத்தியிருக்கே," என்றேன். "கண்ண மூடாத மதி. என் மூஞ்சியப் பாரு."