பதினாலாம் கட்டில்

...கண்ணை மூடிக்கொள்வதா, நோயாளி என்றால் கண்ணைத் திறந்து சோர்வாகப் பார்க்க வேண்டுமா, அதை மட்டும் சுயம்புலிங்கம் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சொன்னார், சிரிக்கக் கூடாது, காலாட்டக் கூடாது, வந்தவர் ஏதாவது கேட்டால் டாக்டர் பதில் சொல்லிக்கொள்வார், நீங்கள் முனகினால் போதும் என்றார், எப்படி முனகுவது என்று ஆம்புலன்ஸ் டிரைவர் ராக்கப்பனுக்கு முனகியே காட்டினார்... செல்வமணி கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய உடனே தலைக்குள் அந்த இடி, வலது பொட்டில் ஏறிப் பிடரியில் இறங்குகிறது, மூன்று வாரமாக ஒரே தடம், கம்பம் பஸ் மாதிரி... மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை, புரண்டால் மொறமொறவென்கிறது. புது வார்டு, திறந்து ஒரு மாதம், இருபது கட்டில், இருபதிலும் ஆள் படுத்திருக்கிறது, அதில் ஒருவர்கூட நோயாளி இல்லை. சித்திரையில் வீரபாண்டித் திருவிழா வரும், கோயிலில் கம்பம் நடுவார்கள், சுற்றுப்பட்டு ஊர்களில் வீட்டுக்கு ஒருவராவது தீச்சட்டி எடுப்பார்கள், இதெல்லாம் இன்றைக்கு வார்டைப் பார்க்க வருகிற மெட்ராஸ் கம்பெனிக்காரருக்குத் தெரியாது சரி, தேனியிலேயே பிறந்து தேனியிலேயே ஆஸ்பத்திரி வைத்திருக்கும் டாக்டர் சுந்தர்ராஜுக்குமா தெரியாமல் போயிற்று? வரச்சொன்ன நாள் அப்படி, வார்டே திருவிழாவுக்குப் போய்விட்டது. குடல்வால் ஆபரேஷன்காரர் தையல்கூடப் பிரிக்காமல் எழுந்து போனார், போகும்போது வாசலில் நின்று, "ஆத்தாளப் பாத்துட்டு வந்து படுத்துக்கிறேன் சிஸ்டர், எங்கட்டில யாருக்கும் குடுத்துறாதீக" என்றார். அவர் கட்டில்தான் இது, பதினாலு.

சுயம்புலிங்கம் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. போடியில் ஒரு சினிமா கொட்டகையில் மேனேஜராக இருந்தவரைத்தான் டாக்டர் கொண்டுவந்து அட்மினிஸ்ட்ரேடிவ் ஆபீசர் என்று பலகை மாட்டி உட்காரவைத்தார், அந்த மனுஷனுக்குக் காலி நாற்காலியும் காலிக் கட்டிலும் ஒன்றுதான், பார்த்தால் வயிறு எரியும். நேற்றே முடிவு செய்துவிட்டார், ஆயாக்கள், சமையல்காரர், துணி வெளுக்கிறவர், டியூட்டி முடித்துப் போக வேண்டிய நர்சுகள், எல்லோரும் கட்டிலுக்கு. நோய்களையும் அவரே பங்கிட்டார். தொற்று வியாதி வேண்டாம், வந்தவர் பயந்துவிடுவார், சாகக்கிடக்கிறதும் வேண்டாம், பேர் கெட்டுப்போகும், பார்க்க லட்சணமான நோயாக எழுதுங்கள் சிஸ்டர் என்றார். இருபது சார்ட்டும் செல்வமணிதான் உட்கார்ந்து எழுதினாள். மற்றவர்களுக்கெல்லாம் கை தானாக எழுதிற்று, தனக்கு என்று வந்தபோது பேனா நின்றுவிட்டது, எதைப் புதிதாகக் கற்பனை செய்வது... உள்ளதையே எழுதினாள். மூன்று வாரத் தலைவலி. கிறுகிறுப்பு. இரண்டு தடவை கண் இருட்டியது. பத்து நாள் முழு ஓய்வு. பி.பி. கட்டத்தைக் காலியாக விட்டாள். பி.பி. பார்க்கிற பெட்டி கைக்கெட்டும் தூரத்தில்தான் எப்போதும் இருக்கிறது, டியூட்டி நர்ஸ் சுப்புத்தாயிடம் கையை நீட்டினால் ஒரு நிமிஷ வேலை, ஆனால் பார்த்து ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால் லீவு கேட்க இந்தத் தலைவலிகூட மிஞ்சாதே, ஏதாவது இருக்கிறது என்று வந்துவிட்டால்... அப்பா கம்பம் சந்தையில் வாழைத்தார் இறக்கிவிட்டுக் கொஞ்சம் தலை வலிக்குது என்று உட்கார்ந்தார், எழுந்தபோது வாய் ஒரு பக்கமாகப் போயிருந்தது, அதன்பிறகு அவர் பேசியது அம்மாவுக்கு மட்டும்தான் புரிந்தது.

"ஏத்தா செல்வமணி..." பதினைந்தாம் கட்டிலில் சந்தனம்மாள், இந்த வார்டைப் பெருக்கித் துடைக்கிற ஆயா, கழுத்துவரை போர்த்திக்கொண்டிருக்கிறாள். "தெனமும் துடைக்கிறேன், இந்த மெத்த இம்புட்டு மெத்துனு இருக்கும்னு தெரியாமப் போச்சே. எனக்கு என்ன நோயி எழுதியிருக்க?"

"கர்ப்பப்பை ஆபரேசன்."

"அதத்தான் எடுத்துப் பத்து வருசமாச்சே, மறுபடியும் எடுத்துட்டாகளா? விட்டா நான் பெத்த பிள்ளைகளையும் எடுத்துருவாக போல."

பன்னிரண்டாம் கட்டிலில் ராக்கப்பன் சிரிப்பை முனகலாக மாற்றினான். அவனுக்குத்தான் நிஜமான மாவுக்கட்டு, இடுப்புவரை, தத்ரூபமாக இருக்க வேண்டும் என்று காலையிலேயே போட்டுவிட்டார்கள். "சிஸ்டர், உள்ள எறும்பு ஊருது, ஒரு குச்சி குடுங்க" என்றான். குச்சிக்கு எழுந்து போகிற நிலையில் அவள் இல்லை, நோயாளி... சிரிப்பு வரவில்லை, இந்த ஆஸ்பத்திரி முதலில் இரண்டே அறை, பஞ்சுக் கிட்டங்கிக்கு மேலே, ஒரு பெஞ்சு, டாக்டரே கதவு திறப்பார், அவளுக்கு ஊசி போடவும் கட்டுக் கட்டவும் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான், சர்டிபிகேட் மட்டும் கொடுக்கவில்லை, சர்டிபிகேட் எதுக்கு, நான் இருக்கேன்ல என்றார், அதனால் வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் அவள் நர்ஸ் இல்லை. அப்புறம் பலகை வளர்ந்தது. கிளினிக், நர்சிங் ஹோம், மருத்துவமனை, இப்போது மெடிக்கல் சென்டர், பலகை ஒவ்வொரு தடவை மாறும்போதும் மாடி ஒன்று ஏறியது, அவளுக்கு டியூட்டி ஏறியது. டாக்டர் பம்பாய் மாநாட்டுக்குப் போய்வந்த பிறகுதான் அந்தக் குடும்பப் பேச்சு வந்தது, தினமும் காலை எட்டு மணிக்குப் போர்டிகோவில் எல்லோரும் கையை நீட்டி நிற்க வேண்டும், நாம் ஒரே குடும்பம், புன்னகையே முதல் மருந்து, பிந்தி வருகிறவர் தனியாக நின்று சத்தமாகச் சொல்ல வேண்டும். லீவு சீட்டை மூன்று தடவை கொடுத்தாள். "செல்வமணி, குடும்பத்துல யாராவது லீவு எடுப்பாகளா? வேலைய மாத்திச் செஞ்சாலே அது ஓய்வுதான்" என்று சிரித்துக்கொண்டே அவளைப் பழைய வார்டிலிருந்து புது வார்டுக்கு மாற்றினார். அதுதான் அந்த ஓய்வு. லோயர் கேம்ப் பவர் ஹவுஸில் வேலை செய்யும் புருஷன் போன ஞாயிறு வந்தவன் சொன்னான், ஊருக்கெல்லாம் கட்டில் போடுற, ஒனக்கு ஒரு கட்டில் குடுக்க மாட்டாகளா... கொடுத்துவிட்டார்கள்.

ஷூ சத்தம். வந்துவிட்டார்கள். டாக்டரின் குரல் முன்னால் வருகிறது, இங்கிலீஷும் தமிழுமாக, மெட்ராஸ்காரர் மெல்லிய ஆள், அவர் சரி என்றால் மதுரையிலேயே இல்லாத ஏதோ ஒரு மெஷின் இங்கே வருமாம். அதற்காகத்தான் இத்தனை முனகல். பன்னிரண்டாம் கட்டிலருகே நின்று மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்துத் திருப்தியாகத் தலையசைத்தவர், "ஆம்புலன்ஸ் இருக்குன்னீங்களே, கொஞ்சம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்களேன், எத்தனை நிமிஷத்துல கிளம்புதுன்னு பார்ப்போம்" என்றார். ராக்கப்பனின் முனகல் அப்படியே நின்றுபோயிற்று. சுயம்புலிங்கம் ஒரு நொடி கூட யோசிக்கவில்லை, "டிரைவர் லீவுல இருக்காக சார்" என்றார். செல்வமணி கண்ணைத் திறந்துவிட்டாள். லீவு. பதினொரு வருஷத்தில் அந்த வார்த்தையை இந்தக் கட்டிடத்துக்குள் இவ்வளவு மரியாதையாக யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை.

"இந்தம்மாவுக்கு என்ன?" மெட்ராஸ்காரர் சார்ட்டை எடுத்துவிட்டார். "பி.பி. எழுதலையே?"

டாக்டர் அவளைப் பார்த்தார். இதைக்கூட விட்டுவிட்டாயே என்கிற பார்வை, அது அவளுக்குப் பழக்கம், உடனே எழுந்துவிடத்தான் உடம்பு துடித்தது... சுப்புத்தாய் பெட்டியைக் கொண்டுவந்தாள். டாக்டர் பட்டையைச் சுற்றினார், ரப்பர் பந்தை அமுக்கினார், கையை இறுக்கிக்கொண்டு பாதரசம் ஏறுகிறது, அவர் பாட்டுக்கு மெட்ராஸ்காரரிடம் மூன்றாம் மாடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். காற்றை விட்டார். இறங்குகிறது, இருநூறு, அதற்கும் கொஞ்சம் கீழே வந்ததும் பட்டைக்குள் அவள் ரத்தம் துள்ள ஆரம்பித்துவிட்டது, நன்றாகத் தெரிகிறது, நூற்றுத் தொண்ணூற்றிரண்டிலேயே, பாதரசத் தலை வெடுக் வெடுக்கென்று ஆடுகிறது, நூற்று அறுபது, நூற்று நாற்பது, இன்னும் துள்ளல் நிற்கவில்லை, அப்பா சந்தையில் உட்கார்ந்த இடம்...

"ஒன் ட்வென்ட்டி, எய்ட்டி" என்றார் டாக்டர். சுப்புத்தாய் எழுதினாள். "வந்தப்ப இருநூறு இருந்துச்சு சார். ரெண்டே நாளு. மருந்தவிட இங்கன இருக்க குடும்பச் சூழ்நிலைதான் காரணம்." பச்சை மை பேனாவை எடுத்துச் சார்ட்டின் அடியில் கையெழுத்துப் போட்டார்.

"பத்து நாள் ரெஸ்ட்டா போட்டிருக்கீங்க?"

"ஆமா சார். நாங்க யாரையும் அவசரப்படுத்தி எழுப்புறதில்ல."

ஷூ சத்தம் போயிற்று. கார் கதவு சாத்துகிற சத்தம் கீழே கேட்டது, அடுத்த நிமிஷம் சுயம்புலிங்கம் வாசலில் வந்து கையைத் தட்டினார், "எந்திரிங்க எந்திரிங்க, ஷோ முடிஞ்சது, ஹவுஸ்ஃபுல்னு சொல்லிட்டுப் போறாக, அவக அவக வேலையப் பாருங்க." மொறமொறவென்று பதினெட்டு மெத்தைகள். ராக்கப்பன் மட்டும் மாவுக்கட்டை வெட்டச்சொல்லிக் கத்திக்கொண்டிருந்தான். செல்வமணி சார்ட்டைக் கையில் எடுத்தாள். பத்து நாள் முழு ஓய்வு, அவள் கையெழுத்து, அதற்கு அடியில் பச்சையாக அவர் கையெழுத்து, மூன்று சீட்டில் விழாதது இதில் விழுந்திருக்கிறது. அதற்கு மேலே நூற்றிருபது எண்பது. எதைக் காட்டி எதைக் கேட்பது... அவர் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாரா? அப்படியென்றால் சாயங்காலமாவது தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுவார், செல்வமணி ஒடம்பப் பாத்துக்க என்று சொல்லாமல் இருக்க மாட்டார், ஆனால் பேசிக்கொண்டேதானே இருந்தார், பேச்சுக்கு நடுவில் நாடித் துடிப்பு காதில் எப்படிக் கேட்கும்?

"சந்தனம்மா, டாக்டரு காதுல ஸ்டெத்துக் குழாய மாட்டியிருந்தாரா?"

"காதுலயா?" சந்தனம்மாள் போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். "கழுத்துல கெடந்த மாதிரித்தான் இருந்துச்சு... ஆரு கண்டா, நாந்தேன் முனகிக்கிட்டுக் கெடந்தேனே."

கழுத்திலா. அப்படியென்றால் அவர் சொன்னது பொய்யும் இல்லை, துடிப்பைக் கேட்கவே இல்லை. பதினொரு வருஷமாக அவர் பக்கத்தில் நின்று அவர் சொல்லச் சொல்ல எழுதியவள் அவள், நூற்றிருபது எண்பது, நூற்று முப்பது எண்பது, எத்தனை சார்ட், எத்தனை பேர் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறிப் போனார்கள், ஒரு தடவையாவது அவர் காதைப் பார்த்தோமா, வாயைத்தான் பார்த்தோம்... "சிஸ்டர், இன்னும் என்ன?" என்றார் சுயம்புலிங்கம். அவள் ஒரு காலை மட்டும் கீழே இறக்கினாள். செருப்பைக் காணோம். நோயாளிக்கு வெள்ளைச் செருப்பு எதற்கு என்று காலையில் அவர்தான் எல்லாவற்றையும் எடுத்து ஆபீஸ் ரூமில் வைத்துப் பூட்டினார். தரை சில்லென்றிருந்தது, இடி பொட்டிலிருந்து பிடரிக்கு நகர்ந்துகொண்டிருந்தது, மற்ற காலை இறக்குவதா, இறங்கியதை மேலே தூக்கிக்கொள்வதா என்று தெரியாமல் செல்வமணி அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.