மருமகள் அறையில் ஒரு லாரி

மாமனார் காலையில் செய்தித்தாளோடு மருமகளின் வேலை அறைக்கு வருவார். வாசலைத் தாண்டியதும் காது மெஷினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அப்புறம்தான் மேசைக்குப் பக்கத்தில், சன்னலோர நாற்காலியில் உட்காருவார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். நாம் வாயைத் திறப்பதற்குள் காதைக் கழற்றி வைத்துவிடும் மனிதரிடம் என்னத்தைப் பேசுவது?

வீட்டிலேயே நல்ல வெளிச்சம் அந்த அறையில்தான். வெளிச்சத்துக்காக வருகிறாரே தவிர எனக்காக இல்லை என்பது அவள் கட்சி. சமையலறை அலமாரிகளுக்குப் படம் வரைந்து கொடுப்பது அவள் தொழில். மேசைமேல் இருக்கும் கம்ப்யூட்டர், பெரிய படம் ஒன்றைச் செய்யச் சொன்னால் போதும், என்னை விட்டுவிடு என்று கெஞ்சுவதுபோல இரையும். அவளுக்கு அது பழகிப்போன இரைச்சல். அவருக்குத்தான் கேட்காதே என்ற தைரியத்தில் அவரைப் பற்றியே முணுமுணுத்துக்கொண்டு வேலை பார்ப்பாள்.

"காலை ஆட்டாதீங்க மாமா, மேசை ஆடுது. முடி வெட்டிக்கிட்டா குறைஞ்சா போயிடுவீங்க? சிங்கம் மாதிரி இருக்கு."

சிங்கம் பாட்டுக்குப் பக்கத்தைத் திருப்பும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் நாத்தனாரிடமிருந்து போன் வந்தது. அப்பா இனிமேல் தன்னோடு இருக்கட்டும், ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிப்போகிறேன் என்றாள். கணவன் அப்பாவிடம் கேட்டான். அவர் தலையாட்டிவிட்டார். அவ்வளவுதான், விஷயம் முடிந்தது.

"தாராளமா போகட்டும், யார் வேண்டாங்கறா?" என்றாள் அவள். சொல்லிவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அவளுக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு வீட்டிலேயே தொழில் தொடங்கப்போகிறேன் என்று அவள் சொன்னபோது ஆளாளுக்குப் புத்தி சொன்னார்கள். அவர் ஒருவர்தான் ஒன்றும் சொல்லாமல், அந்த வயதில், இந்த மேசையைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். அப்படிப்பட்டவருக்கு இவள் குரல்கூடப் பிடிக்காமல் போய்விட்டதே என்பதுதான் அவள் வயிற்றெரிச்சல். போகாதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லலாம்தான். மெஷினைக் கழற்றி வைத்துவிட்டவரிடம் ஊருக்கே கேட்கக் கத்தியா சொல்வது?

மறுநாள் மெஷினுக்கு பேட்டரி மாற்றித் தரச் சொன்னார். அதைத் தன் அறைக்குக் கொண்டுவந்து மாற்றியவள், வேலை செய்கிறதா என்று பார்க்க விளையாட்டாகத் தன் காதில் வைத்தாள். வைத்த வேகத்தில் பிடுங்கி எடுத்தாள். காதுக்குள் யாரோ லாரியைக் கொண்டுவந்து நிறுத்தி, இன்ஜினை அணைக்காமல் போயிருந்தார்கள். திரும்பிப் பார்த்தாள். அறையில் சத்தம் போடக்கூடியது ஒன்றுதான் இருந்தது. கம்ப்யூட்டர்.

அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கடவுளே, என் குரலையா கழற்றி வைத்தார்? இந்தச் சனியனையல்லவா!

அன்றைக்கே கம்ப்யூட்டர் பெட்டியின் பக்கத்தகட்டைக் கழற்றினாள். உள்ளே தூசி மெத்தை போட்டுப் படுத்திருந்தது. பிராசசருக்கு மேலே இருந்த தகடுகளின் இடுக்கெல்லாம் அடைத்துப்போய், சூட்டைத் தள்ள முடியாமல் ஃபேன் உயிரைக் கொடுத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, படம் வரையும் பிரஷ்ஷால் தூசியைத் தட்டி எடுத்தாள். மறுபடி ஓடவிட்டாள். பாதி இரைச்சல் போயிற்று. பாக்கிப் பாதி எங்கிருந்து வருகிறது என்று, பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு ஃபேனின் நடுவிலும் ஒரு நொடி மெல்ல அழுத்திப் பார்த்தாள். பின்பக்க ஃபேனைத் தொட்டதும் கடகடப்பு நின்றது. பிடிபட்டான் திருடன்.

கடைக்குப் போய் மெதுவாகச் சுற்றுகிற ஃபேன் ஒன்றும், அதிர்வைத் தாங்க ரப்பர் துண்டுகளும் வாங்கி வந்து மாட்டினாள். சத்தமே இல்லை. துள்ளிக் குதிக்காத குறை. பாதிப் படம் முடிவதற்குள் கம்ப்யூட்டர் சூடேறித் தானாக அணைந்துவிட்டது.

"சத்தத்தைக் குறைக்கறேன்னு ஆளையே முடிச்சிட்டியா?" என்றான் கணவன்.

அவனை முறைத்துவிட்டு மறுபடி ஓடவிட்டு, பின்பக்கம் ஒரு மெல்லிய காகிதத்தைப் பிடித்தாள். பறந்து வெளியே வரவேண்டிய காகிதம் கம்பியில் போய் ஒட்டிக்கொண்டது. அவசரத்தில் ஃபேனைத் திருப்பி மாட்டியிருக்கிறாள். வெளியே போகவேண்டிய சூட்டை உள்ளேயே ஊதிக்கொண்டிருந்திருக்கிறது. தலையில் அடித்துக்கொண்டு சரியாக மாட்டினாள். பெட்டியை மேசையிலிருந்து இறக்கித் தரையில் ரப்பர் விரிப்பின்மேல் வைத்தாள். அறையில் கடிகாரம் ஓடும் சத்தம் முதல்முறையாகக் கேட்டது.

சனிக்கிழமை காலை மாமனார் வந்தார். வாசலைத் தாண்டியதும் கை வழக்கம்போலக் காதுக்குப் போனது. பாதியில் நின்றது. பெட்டி இருந்த இடத்தைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், வந்து உட்கார்ந்தார். மெஷின் காதிலேயே இருந்தது.

இப்போது சொல்லவேண்டியதுதான். ராத்திரியெல்லாம் ஒத்திகையும் பார்த்திருந்தாள். ஆனால் வழக்கம்போல மானிட்டரைப் பார்த்துக்கொண்டுதான் பேச வாய் வந்தது.

"போறாராம். போகட்டும். அந்த நாற்காலி காலியானா துணி மடிச்சு வெக்க எனக்கு ஒரு இடம் கிடைக்கும்." குரல் உடைந்தது. "இவர் பக்கத்துல உக்காந்து பேப்பர் திருப்பலேன்னா எனக்கு எங்க வேலை ஓடும்? அது தெரியுதா இந்த மனுஷனுக்கு?"

"துணியை வேற எங்கயாவது வெச்சுக்கோ," என்றார் மாமனார். "நாற்காலி எனக்கு வேணும்."

அவள் திரும்பினாள். அவர் செய்தித்தாளை மடியில் இறக்கியிருந்தார்.

"இரைச்சல் தாங்கலேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல மாமா?"

"எப்படிம்மா சொல்றது? தகரம் அடிக்கிற கம்பெனியிலதான் என் காதே போச்சு. அங்க ஒருத்தன் வேலை பாக்கறப்ப மெஷினை நிறுத்துன்னு இன்னொருத்தன் சொல்லமாட்டான். அது அவன் சோறு." செய்தித்தாளை நான்காக மடித்தார். "தினமும் உன் உதடு அசையறதைப் பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நீ அந்தப் பெட்டிகிட்ட பேசறேன்னு நினைச்சேன். எங்கிட்ட பேசறதுக்கு ஒண்ணும் இல்ல போலன்னு..."

"எல்லாமே உங்ககிட்டதான் மாமா பேசினேன்," என்றாள். கண்ணில் நீர் நின்றது.

மாமனார் மூக்கைத் தேய்த்துக்கொண்டார். "பொண்ணுகிட்ட நானே சொல்லிக்கறேன். வேணும்னா வந்து என்னைப் பாத்துட்டுப் போகட்டும்." அப்புறம் ஆவல் தாங்காமல், "அது சரி, தினமும் அப்படி என்னதான் சொல்லுவே?" என்றார்.

"காலை ஆட்டாதீங்கன்னு சொல்லுவேன். முடி வெட்டிக்கிட்டு வாங்கன்னு சொல்லுவேன்."

மாமனார் ஆடிக்கொண்டிருந்த தன் காலைப் பார்த்தார். தலையைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையைக் காதுக்குக் கொண்டுபோனார்.

"கழட்டினீங்கன்னா பாருங்க!" என்றாள் மருமகள்.

அவர் கையை இறக்கிவிட்டுச் சிரித்தார்.